முதலில் முகம் சுளிக்க வைத்த வாசம்

ஓராண்டுக்கு முன் எங்கள் அக்காவைக் கடைசியாக வழியனுப்ப ஜெராமில் உள்ள அவர் வீட்டுக்கு வந்த உங்களில் பலர், ஊதுபத்திக்கு நடுவே வேறொரு வாசத்தை உணர்ந்து, "என்ன தம்பி, மாட்டுக் கொட்டாய் மாதிரி அடிக்குது?" என்று என் காதோடு கேட்டீர்கள். அதற்கு இன்று, இந்த நினைவு மலரில் பதில் சொல்கிறேன்.

அக்கா பிறந்தது ராசா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்தில். அப்பா பால்மரம் வெட்டினார், மாடும் வளர்த்தார். சாணி அள்ளிப் போட்டுவிட்டுத்தான் அக்கா பள்ளிக்குப் போவார். "மாட்டுக்காரி வந்துட்டா, ஜன்னலத் தொறங்க லா!" என்று வகுப்பே சிரிக்கும். அன்று கையில் எடுத்ததுதான் சவர்க்காரம். தோல் உரியத் தேய்ப்பார். கல்யாணமாகி ஜெராமுக்கு வந்த பிறகும், "அம்மா மேல ஏதும் வாசம் அடிக்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிள்ளைகளை மடியில் ஏற்றுவார்.

அத்தான் மறைந்தபின், கோலசிலாங்கூரில் ஓர் அத்தர் கடையில் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். வந்த புதிதில் ஒரு குப்பியைத் திறந்து மோந்தவர், சரக்கு கெட்டுவிட்டது என்று அதைக் கவிழ்க்கப் போனார். முதலாளியம்மா பதறி ஓடி வந்தார்.

"யம்மா, ஊத்திடாதே! அது ஊது!"

"என்ன ஊது? பூனை மூத்திரம் பேஞ்சிருக்கு லா, மோந்து பாருங்க!"

"அகில் மரத்துத் தைலம்மா அது. கடையிலேயே ஒசந்த சரக்கு!"

பிடுங்கிய அவசரத்தில் அக்காவின் மணிக்கட்டில் சிந்திவிட்டது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. பஸ்ஸில் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தவர், இறங்கும் முன் ஒருமுறை மோந்திருக்கிறார். சாணி இருந்தது. கூடவே ஈர மரம், தேன், பால் குடித்த கன்றின் நெற்றி. பக்கத்து வீட்டிலிருந்த என்னைக் கூப்பிட்டுக் கையை நீட்டினார்: "தம்பி, மோந்து பாரேன். நம்ம லெச்சுமிடா!" லெச்சுமி எங்கள் பசு. அழுதுகொண்டே சிரித்தார்.

பிறகு கஸ்தூரி வாசமும் பிடித்துப்போனது. முகம் சுளிக்கும் வாடிக்கையாளர்களிடம், "மனுசங்க மாதிரித்தாங்க, கொஞ்ச நேரம் கூட ஒக்காந்தாத்தான் தெரியும்" என்பார். பேரப்பிள்ளைகளை எதுவும் கேட்காமலே அள்ளி மடியில் வைத்துக்கொண்டார்.

நோயில் படுத்தபோது சோற்று வாசம்கூட அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஊது ஒத்துக்கொண்டது. "நான் போனப்புறம் குளிப்பாட்டினதும் பவுடர் பூசாதீங்க, ஊது வைங்க" என்று சொல்லி வைத்திருந்தார். வைத்தோம்.

அந்தக் குப்பியைத் தம் கையாலேயே கொண்டுவந்து தந்த முதலாளியம்மாவுக்கும், படுக்கையில் அக்காவைத் தாங்கிய அண்டை வீட்டாருக்கும், பத்தாங் காலியிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் வந்து எங்களோடு நின்ற உங்களுக்கும் கைகூப்பிய நன்றி. இம்மலரின் கடைசிப் பக்க மூலையில் ஒரு துளி தடவியிருக்கிறோம். உடனே மூடிவிடாதீர்கள். வீடு போய்ச் சேர்ந்ததும் மறுபடி ஒருமுறை மோந்து பாருங்கள்.