கடுப்பு எங்கே?

"எங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பார். எதிரில் நிற்பவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாலும் கேள்வி அதேதான். "ஒரு மணி நேரமா உக்காந்திருக்கேன், எரிச்சலா வருது" என்றால், "எங்க எரியுது? நெஞ்சிலயா, வயித்திலயா, என் மேலயா?" வந்தவர் சிரித்துவிடுவார். சிரிக்காதவரைத்தான் அவர் உற்றுப் பார்ப்பார்.

மருத்துவமனையின் வெளிநோயாளிகள் பிரிவில் முதல் மேசை அவருடையது. ஐம்பதை நெருங்கும் நர்ஸ். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுவார். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'எங்கக்கா'. எங்கே என்று கேட்பதாலா, எங்களுடைய அக்கா என்பதாலா என்றால், "ரெண்டுக்கும்தான்" என்கிறார்கள்.

பையில் ஒரு குட்டி நோட்டு வைத்திருக்கிறார். இடப்பக்கம் நோயாளி சொன்ன வார்த்தை, வலப்பக்கம் அதைச் சொல்லும்போது அவர் கை போன இடம். எரிச்சல், குடைச்சல், உளைச்சல், பிடுங்கல் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது.

"மனசு படுற பாட்டுக்கெல்லாம் நாம தனியா வார்த்தை எங்க வச்சிருக்கோம், சொல்லுங்க? எரியுறதுலேர்ந்து எரிச்சல். குடையுறதுலேர்ந்து குடைச்சல். கால் கடுக்குதுன்னு சொன்ன வாய்தான் ஆள் மேலயும் கடுப்புங்குது. எல்லாம் உடம்புகிட்டேர்ந்து வாங்கினது" என்பார்.

எங்கள் வீட்டில் யாருக்கும் இது உறைத்ததில்லை. அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காப்பி ஆறினால் "கடுப்பா இருக்கு", மின்விசிறி கிறீச்சிட்டால் "கடுப்பா இருக்கு", நான் போன் செய்தால் கடுப்பு, செய்யாவிட்டால் அதைவிடக் கடுப்பு. சென்ற மாதம் ஒரு நாள் எழுந்ததிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு யார் மேலப்பா?" என்று நான் சிரித்தேன்.

அன்று அம்மாவின் கண்ணைக் காட்டத்தான் போனோம். வரிசையில் நின்ற அப்பா முணுமுணுத்தார்: "கடுப்பா இருக்கு."

"எங்க?"

அப்பாவை அப்படி யாரும் கேட்டதில்லை. தடுமாறி, இடது தாடையைத் தொட்டார். கை மெல்லத் தோளுக்கு இறங்கி, முழங்கையில் நின்றது.

எங்கக்கா எழுந்துவிட்டார். "ஐயா, ஒரு அடி நடக்கக் கூடாது. அப்படியே உக்காருங்க."

சக்கர நாற்காலி வந்தது. ஈசிஜி எடுத்தார்கள். மாரடைப்பு. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டர். "எத்தனை வருஷம் கூட இருக்கேன். எங்கன்னு ஒரு வார்த்தை நான் கேக்கலையே" என்று அம்மா அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து, அப்பா தானாகவே நடந்துபோய் அந்த மேசைக்கு முன்னால் நின்றார். நன்றி என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே கிடையாது. கையைக் கூப்பினார். "ரொம்ப நன்றிம்மா" என்றார்.

"நல்லா இருங்கய்யா" என்று எங்கக்கா கூப்பிய கைகளைப் பிரித்து, ஒன்றைத் தன் கையில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. அப்புறம்தான் பார்த்தேன்: மூன்று விரல் நாடியில் இருந்தது, கண் சுவர்க் கடிகாரத்தில்.