மஞ்சள் வைத்த கார்டும் டெல்லியில் ஒரு இட்லியும்

இந்த பிப்ரவரியில் நாங்கள் டெல்லி போனதற்கு முழுக் காரணம் நான் செய்த ஒரு கூத்து. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் ஆறு வயது மகள் யாழினிக்கு பி.கே.யு. என்ற பரம்பரைக் குறைபாடு. பருப்பு, பால், முட்டையில் உள்ள புரதத்தின் ஒரு பகுதியை அவள் உடம்பால் கையாள முடியாது. அது ரத்தத்தில் மிஞ்சினால் மூளைக்குக் கெடுதல். அதனால் தராசில் நிறுத்த சோறும் காயும், ஒரு தனிப் பவுடரும்தான் சாப்பாடு. உளுந்து இருப்பதால் இட்லியைத் தொட்டதே இல்லை. எங்கள் ஈரோட்டு வீட்டில் காலையில் இட்லித் தட்டைத் திறக்கும்போதெல்லாம் அவள் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள்.

ஒரு மாத்திரை சிலருக்கு மட்டும் ரத்தத்தில் அந்த அளவைக் குறைக்கும். யாழினிக்குக் கேட்குமா என்று பார்க்க, மாத்திரைக்கு முன்னும் பின்னும் ரத்தச் சொட்டுகளைக் கெட்டிக் காகித அட்டையில் விட்டு, காயவைத்து, டெல்லியில் ஆராய்ச்சி செய்யும் டாக்டர் வசந்தாவுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். நான் கல்யாணப் பத்திரிகை போல அட்டையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்பிவிட்டேன். அது வழியிலேயே ரத்தப் பொட்டுகள் வரை பரவிவிட்டது.

டாக்டரே போன் செய்தார். "கார்டு பூரா என்ன இது, ஹல்தியா?"

"மஞ்சளுங்க டாக்டரம்மா. நல்லது நடக்கோணும்னு..."

சிரிப்பு அடங்க அவருக்கு ஒரு நிமிஷம் ஆனது. "அச்சா. நல்லது நடக்கணும்னா நேர்ல கூட்டிட்டு வாங்க. நானே எடுக்கறேன்."

ஈரோட்டிலிருந்து ரயிலில் சுமார் நாற்பது மணி நேரம். வழிக்கு ஜவ்வரிசி உப்புமா, ஆப்பிள், பவுடர் டப்பா, தராசு. ஞாயிறு காலை 7.10க்கு நிஜாமுதீன் ஸ்டேஷனில் இறங்கினோம். கிட்வாய் நகரில் என் மனைவி கவிதாவின் அண்ணனுக்கு அரசுக் குடியிருப்பு; எட்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் 250 கேட்டார். "பையா, டேட் சௌ!" என்று நூற்றைம்பதுக்குக் கேட்டாள் கவிதா. அவளுக்குத் தெரிந்த மொத்த இந்தியும் அவ்வளவுதான். 180க்கு முடிந்தது.

திங்கள் காலை எட்டு மணிக்கு ஆய்வகம். சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கயிறு கட்டி, துணி கிளிப்பில் வரிசையாக அட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. டாக்டர் வசந்தா டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். இருபத்தெட்டு வருஷமாக இதே வேலை. விரலில் ஊசி குத்தியதே யாழினிக்குத் தெரியவில்லை.

எப்படி இந்தத் துறைக்கு வந்தீர்கள் என்று கேட்டேன்.

"படிக்கறப்ப வார்டுல ஒரு குழந்தை போயிடுச்சு. என்ன நோய்னு யாருக்கும் தெரியல. அந்த அம்மா, பேராவது சொல்லுங்கன்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல" என்றார். பிறகு கயிற்றைக் காட்டி, "இப்ப முக்கால்வாசி சொல்லிடுவேன்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது.

மாத்திரை கொடுத்து மாலை நாலுக்கும், மறுநாள் காலை எட்டுக்கும் மறுபடி சொட்டுகள். முடிவை அவர் யார் மூலமும் சொல்லி அனுப்புவதில்லை. புதன் 11.20க்கு எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "குறைஞ்சிருக்கு. நல்லாவே குறைஞ்சிருக்கு."

நான் அழுதுவிட்டேன். "இட்லி?" என்றாள் யாழினி.

"மாத்திரையோட காலைல ஒண்ணே ஒண்ணு. வாராவாரம் அப்பா கார்டு அனுப்பணும். அளவு ஏறினா நிறுத்திடுவேன்."

அன்றைக்கு மட்டும் மதியமே அனுமதி. மலை மந்திர் முருகன் கோயில் பக்கம் ஒரு தமிழ் மெஸ்ஸுக்கு டாக்டரும் கூடவே வந்தார். இரண்டு இட்லி ஐம்பது ரூபாய். வந்தவர் உட்காரவில்லை, நேரே சமையலறைக்குள் போய், "மாஸ்டர், மாவுல உளுந்து எவ்வளவு?" என்று விசாரணையே நடத்திவிட்டார். சாம்பாரும் சட்னியும் கூடாது. நல்லெண்ணெயும் சர்க்கரையும்.

பரிமாற வந்தவரிடம் யாழினி, "அங்கிள், இது எத்தனை கிராம்?" என்று கேட்டாள். ஒரு இட்லியை இருபத்தைந்து நிமிஷம் சாப்பிட்டாள். "நல்லா இல்லையா பாப்பா?" என்றார் அவர். "மொதத் தடவ சாப்பிடறாளுங்க" என்றாள் கவிதா. டாக்டரின் தோசை தட்டிலேயே ஆறிப்போனது. "நான் கார்டைத்தான் பார்ப்பேன், தட்டைப் பார்த்ததே இல்ல" என்று மட்டும் சொன்னார்.

இதே வேலையாக டெல்லி வருகிறவர்களுக்கு: ஞாயிறன்றே வந்துவிடுங்கள், திங்கள் முதல் புதன் வரை கையில் இருக்கட்டும். பிப்ரவரியில் காலைக்கு ஸ்வெட்டர் வேண்டும். தராசை மறக்காதீர்கள். என் மகளுக்குக் கேட்டது உங்கள் பிள்ளைக்குக் கேட்காமல் போகலாம். டாக்டர் சொல்லாமல் எதையும் மாற்றாதீர்கள். அட்டையில் ரத்தத்தைத் தவிர எதுவும் கூடாது.

ஊர் வந்து முதல் வார அட்டையை அனுப்பிவிட்டு ஐந்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறாம் நாள் போன் வந்தது.

"அளவு சரியா இருக்கு. இட்லி நிறுத்த வேண்டாம். கார்டும் சுத்தம். ஆனா கவர்ல நாலு மூலையிலயும்..."

"கவர்ல வெக்கலாம்னு நெனச்சனுங்க டாக்டரம்மா."

"தாராளமா வைங்க. அந்தக் கவரையும் கயித்துல மாட்டி வெச்சிருக்கேன்."