சுவருக்கு மேலே வந்த குரல்

எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்பில் சாப்பாட்டுக் கடை, அப்புத்தளையில் மரக்கறி லொறி என்று சுற்றியதில் சிங்களம் நன்றாக வந்துவிட்டது. அதனால்தான் உளவியல் ஆராய்ச்சி செய்யும் மேடம் ஒருவர் என்னை மொழிபெயர்க்கச் சேர்த்துக்கொண்டார். தற்கொலையில் பிள்ளையையோ புருஷனையோ இழந்த தேயிலைத் தோட்டத்து வீடுகளுக்குப் போய், அந்த இழப்போடு எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்பது அவருடைய வேலை. அவர் சிங்களத்தில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன். பதிலை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் திருப்பிச் சொல்ல வேண்டும். சம்மதம் வாங்காமல் யார் பேச்சையும் பதிவு செய்யமாட்டார்.

லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் நடு வீட்டில் ஓர் அம்மா. கார்மெண்ட் வேலையை விட்டுவிட்டு வீடு திரும்பியிருந்த மகள் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்த பகலில் அது நடந்தது.

"காலையில ஏசிட்டுப் போனேன் தம்பி. எந்நேரமும் போனையே பாத்துக்கிட்டுக் கெடக்கிறியேன்னு. அதான் அவகிட்ட நான் கடைசியா பேசுனது."

ஓர் ஏச்சால் மட்டும் யாரும் அந்த முடிவுக்கு வருவதில்லை என்றார் மேடம். சொன்னேன். அம்மா தலையை ஆட்டினார், ஆனால் நம்பவில்லை.

அன்று அக்கம்பக்கத்தில் யாராவது எதையாவது கவனித்தார்களா என்பது அடுத்த கேள்வி.

"யாருக்கும் தெரியாதுங்க. சத்தம் கித்தம் கேட்டிருந்தா சும்மா இருந்திருப்பாங்களா?"

லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைத் தகரம் வரைக்கும் போகாது. அந்த இடைவெளி வழியாக ஒரு குரல் வந்தது.

"எனக்குக் கேட்டுச்சு அக்கா."

பக்கத்து வீட்டுப் பெண். அவ்வளவு நேரமும் அந்தப் பக்கம் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பிள்ளைக்குக் காச்சல்னு அன்னைக்கு நான் வேலைக்குப் போகல. அவ அழுதுகிட்டே இருந்தா. நான் டீவி சத்தத்த கூட்டி வச்சேன்."

அம்மா சுவரைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். சொன்னதைத் திருப்பிச் சொன்னேன்.

"ஏன் கூட்டினார் என்று கேளுங்கள்."

அதை நான் கேட்கவில்லை. நானும் லயத்தில் வளர்ந்தவன், எனக்கே தெரியும். பக்கத்து வீட்டில் அழுகையோ சண்டையோ கேட்டால் டீவியைக் கூட்டிவிடுவோம். எங்களுக்குக் கேட்கவில்லை, நீங்கள் தாராளமாக அழலாம் என்று அர்த்தம். மறுநாள் குழாயடியில் முகம் பார்த்துப் பேச வேண்டுமே. அது ஒரு மரியாதை. என் அம்மா அழுத நாட்களில் இரண்டு பக்கத்து வீடுகளிலும் பாட்டு பலமாகப் போகும். நானும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா படுத்திருப்பேன். இதைத்தான் மேடத்துக்குச் சொன்னேன்.

"இத்தன நாளா ஏன்டி சொல்லல?" என்றார் அம்மா.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்ல? கதவத் தட்டியிருந்தா அவ இருந்திருப்பாளோ என்னமோ."

அம்மா சுவருக்குக் கிட்டப் போனார்.

"நானும் கூட்டி வச்சிருக்கேன்டி. ஒன் புருஷன் ஒன்ன அடிப்பானே, அப்பெல்லாம்."

"தெரியும் அக்கா. பழைய பாட்டா போடுவீங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் அழுகையானது.

"இங்க வாடி. அந்தப் பக்கம் நின்னு பேசாத."

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வந்தாள். வாசலைத் தாண்டாமல் நின்றாள். அம்மா எழுந்து போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்ட பிறகுதான் உள்ளே வந்தாள். அவளிடம் சம்மதம் வாங்கவில்லை, பதிவான பேச்சை அழித்துவிடுகிறேன் என்று சொல்லச் சொன்னார் மேடம்.

"இருக்கட்டுங்க," என்றாள் அவள். "ஒருக்கா சொல்லிட்டேன். அழிச்சா மறுபடி சொல்ல எனக்குத் தைரியம் வராது."

இரண்டு பேரையும் பதுளை டவுனுக்கு வரவழைத்து மனநல ஆலோசகர் ஒருவரோடு பேச வைக்க ஏற்பாடு செய்வதாகச் சொல்லிவிட்டு மேடம் கிளம்பினார்.

திரும்பும் வழியில், வேனின் பின் சீட்டில் அவர் அழத் தொடங்கினார். சாரதி அண்ணனும் தோட்டத்துக்காரர்தான். கண்ணாடியில் பார்த்தார், பார்க்காதது போல பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். என் கையும் அதற்குத்தான் பாதி எழுந்திருந்தது.

"அண்ணே, பாட்ட நிப்பாட்டுங்க."

நிறுத்தினார். மேடம் எனக்குக் கற்றுத்தந்த கேள்விகளில் அப்போது கேட்கக்கூடியது எதுவும் இல்லை. பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து சிங்களத்தில் சொன்னேன்.

"மேடம், எனக்குக் கேட்கிறது."