திருவந்திபுரத்தில் அடிக்காத மொட்டை

டவுன் ஆஸ்பத்திரியின் ரத்த வார்டில் ஒவ்வொருவருக்கும் நோயில் ஒரு கூட்டாளி உண்டு. "உனக்கும் அதுதானா?" என்று கட்டிலோரம் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். எனக்கு மட்டும் யாரும் இல்லை. எனக்கு வந்தது இன்னதென்று முதலில் டாக்டருக்கே பிடிபடவில்லை. எண்பதுகளின் பிற்பகுதி அது. எனக்கு இருபத்தாறு வயது.

ஈறில் ரத்தமும் விடாத காய்ச்சலுமாகப் போய்ச் சேர்ந்தேன். இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி மஜ்ஜையை உறிஞ்சினார்கள். உயிரையே உருவுவது போல இருந்தது. சில நாள் கழித்து டாக்டர் வந்து மறுபடியும் எடுக்கணும் என்றார். சாயம் ஏற்றிப் பார்த்ததில் அணுக்கள் இந்தப் பக்கமும் சேரவில்லை, அந்தப் பக்கமும் சேரவில்லையாம். "வேற யாரோட சாம்பிளாவது கலந்துடுச்சோன்னு சந்தேகமா இருக்கும்மா."

கலந்தது நீங்கள், குத்து மட்டும் எனக்கா என்று கத்தினேன். கத்திவிட்டு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டேன், வேறென்ன செய்வது.

யாரும் எதையும் கலக்கவில்லை. இரண்டாவது தடவையும் அப்படியேதான் இருந்தது. மெட்ராஸுக்கு அனுப்பிப் பார்த்த பிறகு டாக்டர் விளக்கினார். வெள்ளை அணுவில் இரண்டு வம்சம் உண்டு. ரத்தப் புற்று ஏதாவது ஒன்றில்தான் பெரும்பாலும் வரும். என் அணுக்களோ இரண்டின் அடையாளத்தையும் சேர்த்துச் சுமந்தன. "பெரியவங்களுக்கு இது ரொம்ப அபூர்வம். இதுக்குன்னு தனி மருந்து கிடையாது. ஒரு வம்சத்துக்கான மருந்த ஆரம்பிப்போம். அடங்கலேன்னா அடுத்தது." மழுப்பாமல் சொன்னதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

சிவப்பு மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. வாயெல்லாம் புண். முடி கத்தை கத்தையாகத் தலையணையில் கிடந்தது. முதல் சுற்று முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, யாரையும் கிட்டே சேர்க்கக் கூடாது, உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்றார் டாக்டர். அம்மாவுக்கு அது வசதியாகப் போயிற்று.

அப்பா போன பிறகு பாகூர் கடைத்தெருவில் எங்கள் மளிகைக் கடையை அம்மாதான் நடத்தினாள். முன்னால் கடை, பின்னால் வீடு. புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்று ஊரே நம்பிய காலம். "தெரிஞ்சா எவன்டி நம்ம கடையில பருப்பு வாங்குவான்?" என்று என்னைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். யாரோ ஜன்னல் வழியாக என் தலையைப் பார்த்துவிட்டுக் கேட்டபோது, "வேண்டுதல். திருவந்திபுரத்துல மொட்ட அடிச்சோம்" என்று கூசாமல் சொன்னாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் தராசுத் தட்டு மோதும், சில்லறை விழும், கல்யாணப் பேச்சு நடக்கும். இந்தப் பக்கம் நானும் என் வாய்ப்புண்ணும். ஆஸ்பத்திரியில் நோயால் தனி, ஊரில் ஆளாகவே தனி. ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டும்போது, மறுபடி ஊசிதானே, குறைந்தபட்சம் நாலு பேர் முகத்தையாவது பார்க்கலாம் என்று இருக்கும். அவ்வளவு வறட்சி.

முதல் மருந்துக்கு நோய் பாதிதான் அடங்கியது. இரண்டாவதற்கு அடங்கியது. நான் எப்படிப் பிழைத்தேன் என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. முடி முளைத்தது. முன்பு கம்பி மாதிரி இருந்தது, இப்போது சுருள் சுருளாக வந்தது. நாளெல்லாம் அதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

"வா, திருவந்திபுரம் போய்க் குடுத்துட்டு வந்துடலாம்" என்றாள் அம்மா.

"எதை?"

"முடியத்தான். சாமி பேர்ல பொய் சொல்லிட்டண்டி. குடுக்காம வுட்டா அது திரும்பி வந்து கேக்கும்."

"மருந்துல கொட்டினத வரவு வச்சிக்கச் சொல்லு உன் சாமிய. இதுல ஒரு முடி தரமாட்டேன்."

நோய் திரும்பிவிடுமோ என்ற பயம் அம்மா முகத்தில் அப்படியே இருந்தது. எனக்கும் அதே பயம்தான். ஆனாலும் முடியைத் தர மனம் வரவில்லை.

மறுநாள் கடையைத் திறக்காமல் எங்கோ கிளம்பிப் போனாள். மதியம் திரும்பி வந்தாள். மொட்டைத் தலை, மேலே சந்தனம். என்னைப் பார்க்காமல் நேராகப் போய்க் கடையைத் திறந்தாள்.

சாத்திய கதவுக்குப் பின்னால் நின்றேன். முதலில் வந்தது எதிர்வீட்டு அம்மாள்.

"இன்னாக்கா இது? இன்னா வேண்டுதல்?"

மறுபடியும் ஏதாவது கதை கட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

"எம் பொண்ணுக்கு ரத்தத்துல கேன்சர். இத்தினி நாளா உள்ளதான் இருந்தா. பொழச்சிக்கினா. மொட்டத் தலையோட இன்னொரு பொய் சொல்ல முடியலடி."

அந்த அம்மாள் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

"அரக் கிலோ துவரம் பருப்பு போடுக்கா" என்றது குரல்.

அம்மா தராசை எடுத்தாள். நான் கதவைத் திறந்துகொண்டு போய், அவள் கையிலிருந்து அதை வாங்கிப் பருப்பை நிறுத்துக் கொடுத்தேன்.