காயாத மூக்கு

"காயவே மாட்டேங்குதுங்க."

காலையில் பால்காரரிடமும், ஃபாக்டரி கேட்டில் வாட்ச்மேனிடமும், மஞ்சூர் சந்தையில் காய்க்காரியிடமும் தங்கமணி சொல்வது இதுதான். துணியைத்தான் சொல்கிறாள் என்று அவர்களும், "ஆமா, வெயிலையே காணோமே" என்று கூடவே சலித்துக்கொள்வார்கள். அவள் சொல்வது தன் புருஷனின் மூக்கை.

தேயிலை ஃபாக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் அவளுக்கு வேலை. நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, உலை வைத்துவிட்டு, சர்க்கரை டப்பாவில் ஃபோனைச் சாய்த்து வைத்து ஆயில் பெயின்ட்டில் ஆளை அச்சு அசலாக வரையப் பழகுகிறாள். ஃபோனில் சொல்லித்தருகிறவர் வெளிநாட்டுக்காரர். பேச்சு புரியாது, கை புரியும். "அந்தாளு தோல் கலருக்கு அடியில மொதல்ல பச்சையப் பூசறாருங்க. நானும் மாமனுக்குப் பூசுனேன். பாக்கறவங்கல்லாம், மஞ்சூர் வளைவுல வாந்தி வர்ற மூஞ்சியாட்ட இருக்குதுங்கறாங்க."

அந்த வளைவுகளில் பஸ் ஓட்டுகிறவரே மாமன் மனோகரன்தான். முதல் பஸ்ஸை எடுக்க இருட்டிலேயே கிளம்பிவிடுவார். மலையெல்லாம் விழித்திருந்த கண், வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் மூடிக்கொள்ளும். கல்யாண ஆல்பத்திலும் ஃபிளாஷுக்குக் கூசி மூடிய கண்தான். கண் திறந்த மனோகரனைப் பயணிகள்தான் பார்த்திருக்கிறார்கள், அதுவும் கண்ணாடியில். தங்கமணிக்கு அந்த ஆள் வேண்டும்.

ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார வைப்பாள். பெயின்ட்டைக் குழைத்துவிட்டு நிமிர்வதற்குள் தலை சாய்ந்திருக்கும்.

"ஏனுங்க, கண்ணு."

"முழிச்சுத்தான் புள்ள இருக்கறேன்."

"எங்க? ரெண்டு லைட்டும் டிம்முல இருக்குது."

அப்புறம் வேறு வழியில்லாமல், எதிரே லாரி வருகிற மாதிரி வாயாலேயே ஹாரன் அடிப்பாள். அதற்கு மட்டும் கண் படக்கென்று திறக்கும். வலது கால் பிரேக்கைத் தேடும். அந்த நொடிகளைச் சேர்த்துச் சேர்த்துத்தான் இடது கண்ணை முடித்தாள். வலது கண்ணுக்கு இன்னும் எத்தனை லாரி வர வேண்டுமோ.

அதற்குள் மூக்கு காய வேண்டும், காய்ந்தால்தான் மேல்பூச்சு. மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற வீடு. எது காயும்? இலையையே காயவைக்கிற இடத்தில் வேலை பார்க்கிறோமே என்று ஒரு நாள் அவளுக்குத் தோன்றியது. படத்தைக் கொண்டுபோய் டிரையர் பக்கத்துச் சுவரில், யார் கையும் படாத உயரத்தில் மாட்டினாள்.

ஷிப்டுக்கு வந்த ரேகா அண்ணாந்து பார்த்தாள், செருப்பைக் கழற்றினாள். உயர மாட்டிய ஆம்பளை படத்துக்கு நம் பக்கத்தில் வேறென்ன அர்த்தம்? சாயங்காலத்துக்குள் ஃபிரேமில் சாமந்திப்பூ ஏறிவிட்டது.

"எப்பங்க்கா? நேத்துக்கூட அவரு பஸ்ஸுலதான் வந்தேன்."

"இன்னைக்கும் அதுலதான் போவ. முன்னாடி சீட்டுல உக்காந்து பாரு" என்று தங்கமணி பூவை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

படத்தைக் கீழே இறக்கியபோதுதான் தெரிந்தது. டிரையரைச் சுற்றிப் பறந்த தேயிலைப் பஞ்சு அத்தனையும் ஈரப் பெயின்ட்டில் ஒட்டி, மனோகரனுக்கு நெற்றிவரை பழுப்புத் தாடி முளைத்திருந்தது. பாடுபட்டுத் திறந்த இடது கண்ணும் உள்ளே புதைந்துவிட்டது.

மனோகரனுக்கு அதைப் பார்த்துச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். "எதுக்கு புள்ள இந்தப் பாடு? தூங்கற மாதிரியே வரைஞ்சு முடிச்சுரு. ரெண்டு பேருக்கும் ரெஸ்ட்டு."

தங்கமணி ஊசி முனையால் அந்தக் கண்ணிலிருந்து பஞ்சை இழை இழையாக எடுத்தபடி, திரும்பாமலே சொன்னாள்:

"தூங்கற மூஞ்சியத்தான் தெனமும் பாக்கறனே, அதுக்கு எதுக்குங்க பெயின்ட்டு? நிமுந்து உக்காருங்க, எதுக்க லாரி வருது."