டீச்சர் வெட்டிய விளக்கு

வட்டாரத்தில் தோற்று, கட்சிப் பட்டியல் வழியாகச் சபைக்குள் நுழைந்தவன் நான். இப்படி வந்தவர்களை எங்கள் பக்கத்தில் ‘போனஸ் மெம்பர்’ என்று கூப்பிடுவார்கள். கல்பிட்டிப் பக்கத்தில் மின்சாமான் கடை வைத்திருக்கிறேன். வயரும் பல்பும் விற்றுப் பழகிய வாய்க்கு அரசியல் பேசுவது பெரிய வேலையாகத் தெரியவில்லை. மக்கள் வேண்டாம் என்றார்கள், கட்சி விடவில்லை. அவ்வளவுதான் என் அரசியல் வரலாறு.

எங்கள் பிரதேச சபையில் பதினைந்து பேர். ஆளும் தரப்பு ஏழு பேர். மிச்சம் எட்டுப் பேரும் மூன்று கட்சி. ஒருவரை ஒருவர் கண்ணில் காட்டக் கூடாது. ஆனால் தவிசாளரை விழுத்த வேண்டும் என்று வந்தால் மட்டும் ஒரு தாய் பிள்ளைகள் மாதிரி ஒட்டிக்கொள்வோம். தவிசாளர் தெரிவன்று அந்த ஒட்டும் இருக்கவில்லை. கதிரை எனக்குத்தான் என்று எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் அடம்பிடித்தார்கள், வாக்கு சிதறியது, டீச்சர் தவிசாளரானார்.

டீச்சர் தலவிலப் பக்கத்துப் பெண். கத்தோலிக்க வேதக்காரர். இருபது வருடத்துக்கு மேல் முன்பள்ளியில் படிப்பித்தவர். கரையோரத்தில் பாதிப் பேர் அவரிடம்தான் பென்சில் பிடிக்கப் பழகினார்கள். அதனால் தவிசாளரான பிறகும் யாரும் அவரை மேடம் என்று கூப்பிடவில்லை. சிங்களமும் தமிழும் ஒரே மாதிரி வரும். கூட்டத்தில் நாங்கள் எட்டுப் பேரும் எழும்பி நின்று கத்தினால், இடைவேளை மணி அடிக்கும் வரை பிள்ளைகள் கத்தட்டும் என்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் எங்களுக்குத்தான் தொண்டை காயும்.

சபையின் வரவு செலவுத் திட்டமான பாதீட்டை முதல் தடவை கொண்டுவந்த அன்று நான்தான் கூடுதலாகக் கத்தினேன். இது பாதீடல்ல, பாலர் பாட்டு என்றேன். எங்கள் பக்கம் மேசையில் தட்டிச் சிரித்தது. ஏழுக்கு எட்டு, பாதீடு தோற்றது. அன்று வீட்டுக்குப் போய் அந்தப் பகிடியை மனைவியிடம் இரண்டு தரம் சொன்னேன். முதல் தரமும் அவள் சிரிக்கவில்லை.

இரண்டு கிழமையில் மறுபடி கொண்டுவர வேண்டும். அதிலும் தோற்றால் டீச்சரின் கதிரை போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எங்கள் தரப்புத் தலைவர் முந்தலில் இறால் பண்ணை வைத்திருப்பவர். அடுத்த தவிசாளர் தான்தான் என்று முடிவெடுத்து, வீட்டு வாசலுக்குப் புதுச் சாயம் பூசத் தொடங்கியிருந்தார்.

தோற்ற மூன்றாம் நாள் டீச்சர் முச்சக்கர வண்டியில் என் கடைக்கு வந்தார். முன்னால் நின்ற ஆட்கள் போகும் வரை காத்து நின்று, ஒரு பல்ப் வாங்கினார். அதற்குப் பிறகுதான் கேட்டார். பாதீட்டில் எது இருந்தால் நான் கை உயர்த்துவேன் என்று நேராகவே கேட்டார். சுற்றி வளைத்திருந்தால் நானும் சுற்றி வளைத்திருப்பேன். நேராகக் கேட்டதால் நேராகவே சொல்லிவிட்டேன். எங்கள் சபைக்கு உட்பட்ட களப்புத் தீவின் இறங்குதுறைக்கு நாலு சோலார் விளக்கு.

ஏன் என்றும் கேட்டார். அதையும் சொன்னேன். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களைப் புலிகள் விரட்டியபோது வள்ளத்தில்தான் இந்தக் கரைக்கு வந்தோம். இறங்கும்போது பொழுது பட்டுவிட்டது. ஒரு விளக்கும் இல்லை. உம்மா கால் வைக்க இடம் தெரியாமல் விழுந்தார். கணுக்கால் முறிந்து, மவுத்தாகும் வரை நொண்டித்தான் நடந்தார். இன்றைக்கும் எந்த இறங்குதுறையைக் கண்டாலும் என் கண் முதலில் விளக்கைத்தான் தேடும். அந்தத் தீவில் இல்லை. விளக்கை என் கடையில் வாங்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். அந்த அளவுக்கு எனக்கு மானம் இருந்தது.

டீச்சர் சபை வாகனத்தின் திருத்த வேலையை வெட்டி, அந்த இடத்தில் என் நாலு விளக்கையும் போட்டார். அவர் ஓடித் திரிய வேண்டிய வாகனம் அது. என் வாக்கு அவருக்குத்தான் என்று பேச்சு முடிந்தது. எங்கள் தலைவருக்கு நான் மூச்சும் விடவில்லை.

பாதீட்டு வரைவைச் சபையில் வைப்பதற்கு முன் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் அதை ஜன்னல் கம்பியில் சணல் நூலால் கட்டித் தொங்கவிடுவார்கள். முன்பொரு வருடம் யாரோ கொண்டுபோய் வடை சுற்றிவிட்டார்களாம், அதிலிருந்து கட்டு. வரிப்பணம் கட்ட வருகிறவர்கள் படிவம் நிரப்ப அதை அடியில் வைத்துக்கொள்வார்கள். ஒரு மனிதன் அதைத் திறந்து வாசித்ததை நான் கண்டதில்லை. நானே வாசித்ததில்லை.

டீச்சர் அந்த நூலை அறுத்தார். மக்கள் பார்வைக்கு என்று எழுதியிருக்கிறது, மக்கள் இந்த ஜன்னலடியில் இல்லையே என்று செயலாளரிடம் சொல்லிவிட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். முந்தல் சந்தையில் வாசித்தார். தலவில வேதக்கோயில் முற்றத்தில் வாசித்தார். எங்கள் பள்ளிவாசலடியில் ஜும்ஆ முடிந்து வந்தவர்களை மறித்து வாசித்தார். ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்து, இது வேண்டுமா என்று கேட்பார். சனங்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு வாய் திறப்பார்கள். திறந்த பிறகு மூட மாட்டார்கள். அவர்கள் சொன்னதை அந்த இடத்திலேயே சிவப்புப் பேனாவால் எழுதிக்கொள்வார். நான் எத்தனையோ தவிசாளர்களைக் கண்டிருக்கிறேன். பேனாவை மூடாமல் வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான்.

கடைசி இடம் தீவு. வாக்கெடுப்புக்கு நாலு நாள் இருந்தது. நானும் வருகிறேன் என்று வள்ளத்தில் ஏறினேன். உண்மையைச் சொன்னால் கைதட்டு வாங்கத்தான் போனேன். வெள்ளைச் சேர்ட்டை மனைவியிடம் கொடுத்துத் தேய்த்து உடுத்தியிருந்தேன். வாடைக் காற்றில் பாதி வழியிலேயே அது உப்புத் தண்ணீரில் நனைந்து உடம்போடு ஒட்டிவிட்டது.

கவிழ்த்துப் போட்ட வள்ளம் ஒன்றின் மேல் புத்தகத்தை வைத்து டீச்சர் வாசிக்கத் தொடங்கினார். தண்ணீர்த் தாங்கி வரி வந்தது, தலையாட்டினார்கள். பாடசாலை வேலி வந்தது, தலையாட்டினார்கள். இறங்குதுறை விளக்கு வந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்தேன். ஒரு தலையும் ஆடவில்லை.

இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் தலையை உயர்த்தாமலே, இதை யார் கேட்டது என்றார். பக்கத்தில் நின்ற அவருடைய புருஷன் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அவர்களுடைய வலைகள் இறங்குதுறைக்கு இரண்டு பக்கமும்தான் கட்டியிருக்கின்றன. நிலவில்லாத இருட்டு நாட்களில்தான் இறால் அந்த வழியால் போகும். அங்கே விளக்கைப் போட்டால் இறால் வேறு வழி பார்த்துக்கொள்ளும். இருட்டு அவர்களுக்குச் சோறு. வேண்டியது ஒரு கூரையும், உட்காரவும் படுக்கவும் ஒரு மர வாங்கும்தான். வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வள்ளம் வரும் வரை வெயிலிலும் மழையிலும் நிலத்தில் கிடத்தி வைத்திருக்கிறார்களாம்.

வயர் விற்கிறவனுக்கு வெளிச்சம் எல்லோருக்கும் நல்லது என்றுதான் தெரியும். முகம் சுட்டது. அதைவிட, டீச்சரின் கதிரை அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது என்பது அந்தக் கரையில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். நான் கிட்டப் போய்க் காதோடு சொன்னேன்.

“டீச்சர், இப்ப இருக்கட்டும். பாஸாகினாப் பொறகு எடுத்துப் போடுங்க. இவங்களுக்குத் தெரியவா போகுது?”

அவர் காதோடு பதில் சொல்லவில்லை. அண்ணன் முறையில் என்னை நானா என்று கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார்.

“இவங்க சொன்னத எழுதாட்டி, இந்தப் பொத்தகத்தத் தண்ணியால தூக்கிக்கிட்டு ஏன் வந்த, நானா?”

சிவப்புப் பேனாவால் என் நாலு விளக்கையும் வெட்டினார். மேலே கூரை, வாங்கு என்று எழுதிப் பக்கத்தில் ஒப்பமும் வைத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

திரும்பி வரும்போது வள்ளத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். என் வாக்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்ல பதில் ஒன்று வைத்திருந்தேன். ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது, மழைக்குக் கொண்டுவந்திருந்த ஒரேயொரு பொலித்தீனால் புத்தகத்தைச் சுற்றி மடியில் வைத்திருந்தார். தலையிலிருந்து கால் வரை நனைந்து போயிருந்தார்.

மூன்று நாள் கடையில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உம்மாவின் கதையைச் சொல்லியும் வெட்டிவிட்டாரே என்ற ஆத்திரம். மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு கடைக் கதிரையில் இருந்தபடி அந்தக் கதையையே திரும்ப நினைத்துப் பார்த்தேன். உம்மா விழுந்ததை முப்பது வருடத்துக்கு மேலாக நினைவில் வைத்திருந்தேன். விழுந்த பிறகு நடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முறிந்த காலோடு உட்கார ஒரு இடமும் இல்லாமல் ஈர மணலில்தான் கிடந்தார். தூறத் தொடங்கியபோது வாப்பா தன் சாரனை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று எங்களுக்கு விளக்கு இருந்திருந்தால் அந்த மணல் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். கடையில் ஆள் நிற்பதையும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

வாக்கெடுப்பு நாள் காலையில் தலைவர் என் தோளில் கை போட்டார். தீவில் விளக்கு வெட்டுப்பட்ட கதை அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. இனி நான் எங்கேயும் போக மாட்டேன் என்ற சந்தோஷம் அவருக்கு. செயலாளர் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டார். பட்டியலில் வந்தவன் என்பதால் என் பெயர் கடைசி. எனக்கு முன் பதினாலு பேரும் சொல்லி முடித்தபோது ஏழுக்கு ஏழு. டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த தாள்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

“ஆதரவு” என்றேன்.

எங்கள் பக்கம் ஒரு கதிரை பின்னால் விழுந்த சத்தம் கேட்டது. டீச்சர் நன்றி சொல்லவில்லை, சிரிக்கவுமில்லை. பாதீடு நிறைவேறியது என்று இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டு, அடுத்தது வடிகான் விஷயம் என்று தாளைப் புரட்டினார். இவர்தான் தவிசாளர் என்று அந்த நேரத்தில் எனக்கு மனதாரப் பட்டது. முதல் தடவை நான் விட்ட பகிடியை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

வாசலில் தலைவர் மறித்தார். முகம் சிவந்திருந்தது.

“உண்மையச் சொல்லு, என்ன கெடச்ச உனக்கு?”

“ஒண்டும் கெடைக்கல்ல. அதாலதான் போட்டன்.”

அவர் நம்பவில்லை. கட்சியிலிருந்து என்னை நிறுத்திய கடிதம் அடுத்த கிழமை வந்தது. மனைவி அதை வாசித்துவிட்டு, பாலர் பாட்டுப் பகிடியைவிட இது நல்லாயிருக்கு என்றாள்.

மாசியில் கூரையும் வாங்கும் போட்டு முடிந்தது. அதற்குப் பிறகு வந்த இருட்டு நாட்களில், ஒரு காலையில் முதல் வள்ளத்தில் தீவிலிருந்து பன்புல்லில் பின்னிய ஒரு பை வந்தது. திறந்தால் உயிர் இறால், இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. போனஸ் மெம்பருக்கு என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்களாம். வாசலில் தலைவரிடம் நான் சொன்னது அன்றோடு பொய்யாகிவிட்டது.

டீச்சருக்கும் ஒரு பை போனதாம், அவர் திருப்பி அனுப்பிவிட்டாராம் என்று வள்ளக்காரர் சொன்னார். நான் திருப்பி அனுப்பவில்லை.