செல்ஃப் அடித்தால் இழுக்கும் பாட்டு

வண்டிக்குள் பாட்டு பாடவைப்பது சுலபம். வண்டி கிளம்பும்போதும் பாடவைப்பதுதான் பாடு. ரிப்பேர் கடை வைத்து வதைபடுகிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா? எண்பதுகளில் திண்டிவனத்தில் ஸ்டெல்லாவின் கடை என்றால் என் கடைதான். காரிலும் ஜீப்பிலும் டேப் ரெக்கார்டர் மாட்டி, பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை ஒன்பதாக்கித் தரும் ரெகுலேட்டரை நானே பற்றவைத்துக் கொடுப்பேன். அதில் ஒரு சங்கடம். வண்டியைக் கிளப்ப செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி சட்டென்று இறங்கும். ரெகுலேட்டருக்கோ அந்த ஒன்பதுக்கு மேல் இரண்டு மூன்று வோல்ட் உபரியாக இருந்தால்தான் வேலை ஓடும். இல்லையென்றால் டேப் இழுக்கும், சில சமயம் நின்றேபோகும்.

நடுவில் பாடியவர்

ஓமந்தூர் கோவிந்தன் கல்யாணத்துக்கு அம்பாசிடர் ஓட்டுகிறவர். ஒரு ஊர்வலத்தில் ஆரத்திக்கு ஆரத்தி வண்டியை நிறுத்திக் கிளப்பியிருக்கிறார். செல்ஃப் அடித்தபோதெல்லாம் பாடகியின் குரல் இழுத்து ஆண்குரலாகிவிட்டதாம். முன்சீட்டில் இருந்த, கண் சரியாகத் தெரியாத பெரியவர் கோவிந்தனிடம் ரகசியமாகச் சொன்னாராம்:

"பொண்ணு பாட, நடுவுல நடுவுல மாப்பிள்ளையும் பாடறாரே, நல்லாத்தான் பாடறாரு."

விழுப்புரத்தில் நாடகம்

நாடகக் கம்பெனி மேனேஜர் ராஜமாணிக்கத்துக்கு நடந்தது சிரிக்கிற விஷயமில்லை. அன்றைய நாடகம் ரத்து என்று யாரோ புரளி கிளப்பிவிட்டார்கள். அவர் பதறிப்போய், "இன்று நாடகம் கிடையாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்" என்று கேசட்டில் பதிந்து, நான் டேப் மாட்டிக்கொடுத்த ஜீப்பில் ஸ்பீக்கர் கட்டிக் கிளம்பினார். மார்க்கெட்டில் நல்ல கூட்டம். "இன்று நாடகம் கிடையாது" என்ற இடத்தில் டிரைவர் செல்ஃப் அடித்தார். டேப் நின்றது. மறுபடி பேசத் தொடங்கும்போது ஜீப் அடுத்த தெருவில் இருந்தது.

கொட்டகையில் பாதிக்குமேல் காலி. மறுநாள் வந்து நின்றவரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவர் கத்தவில்லை.

"ஸ்டெல்லாம்மா, புரளி கிளப்பினவன் வாயால சொல்லிக்கினு நடந்து போனான். நான் செலவு பண்ணி ஸ்பீக்கர்ல சொல்லிட்டு வந்திருக்கேன்."

புது சரக்கு

அப்போதுதான் மெட்ராஸில் புதுசாக ஒரு ரெகுலேட்டர் வந்திருந்தது. அரை வோல்ட் உபரி இருந்தாலே போதும். வாங்கிவந்து இருவருக்கும் சும்மாவே மாட்டிக்கொடுத்தேன். செல்ஃப் அடித்தாலும் பாட்டு அசையவில்லை. கடை வாசலிலேயே நான் கைதட்டினேன்.

அடுத்த முகூர்த்தம் திருவெண்ணெய்நல்லூர் பக்கம். பேட்டரி உள்ளுக்குள் தேய்ந்துகொண்டிருந்தது கோவிந்தனுக்குத் தெரியவில்லை. பாதி வழியில் நிறுத்தினார்; பிறகு எத்தனை தடவை செல்ஃப் அடித்தும் வண்டி முனகியதோடு சரி. மாப்பிள்ளை மாலையைக் கழற்றி பானெட்டில் போட்டுவிட்டுத் தள்ளினார். பெண் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரும் தள்ளினார். பாட்டு கணீரென்று பாட, ஊரே சிரித்தபடி கூடவே ஓடியதாம். மறுநாள் கோவிந்தன் வந்தார்.

"முன்னல்லாம் பாட்டு இழுத்தா பேட்டரி போவுதுன்னு தெரியும். இப்ப வண்டி செத்துக் கிடக்குது, பாட்டு மட்டும் ஜம்முனு பாடிக்கினே இருக்குது. பழசையே மாட்டிக் குடும்மா."

பழுது பார்க்கச் சொல்லி வருகிறவர்களை எப்படியோ சமாளித்துவிட்டேன். பழுதே வேண்டும் என்று வருகிறவருக்கு எந்த ஸ்பேரைப் போடுவது என்றுதான் இன்றுவரை விளங்கவில்லை.